நாள்காட்டித் தாளின் பின்புறம்

நம் பாட்டிமார் மாலைச் செபத்தில் மூன்று முயற்சிகளைத் தவறாமல் சொல்லி வந்தனர்: விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி. அந்நாளில் 'நம்பிக்கை' மூன்றில் நடுவில் நின்ற சொல். 1995-ஆம் ஆண்டு திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது அச்சொல் ஓரிடம் முன்னே நகர்ந்து விசுவாசத்தின் இருக்கையில் அமர்ந்தது. அது விட்டுச்சென்ற இடத்தில் 'எதிர்நோக்கு' என்னும் புதிய சொல் வந்து நின்றது. பழைய செபங்களில் ஊறிய காதுகளுக்கு அது அந்நியமாக ஒலித்தது உண்மை. நாமும் அதை ஏற்கத் தயங்கியவர்களே.

இன்று எண்ணிப் பார்க்கும்போது, மொழிபெயர்ப்பாளர்கள் நமக்கு ஒரு நன்மையையே செய்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அன்றாடப் பேச்சில் நம்பிக்கை என்றால் ஒரு முடிவைப் பற்றிய எண்ணம். மகனுக்கு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை, நோய் தீரும் என்ற நம்பிக்கை, வழக்கு நம் பக்கம் முடியும் என்ற நம்பிக்கை. நினைத்தது நடந்தால் அது வளர்கிறது, நடவாதபோது தளர்கிறது. எதிர்நோக்கு அப்படியன்று. அச்சொல்லில் ஒரு முகம் ஒரு திசையை நோக்கித் திரும்பியிருப்பது மட்டுமே உண்டு. வருவது யார் என்பதை அது அறியும். எப்போது, எவ்வாறு என்பதைச் சொல்வதில்லை. வாழ்வு நம் கைக்குள் இருக்கும்வரை இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. கையை விட்டுப் போனபின்புதான் தெரிகிறது.

இவ்வேறுபாட்டை நமக்கு விளக்கியவை இறையியல் பாடநூல்கள் அல்ல. வியட்நாம் நாட்டுக் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் எழுதிய சிறு நூல்களே. நம் பங்குகளில் அவருடைய பெயர் மறையுரைகளில் அவ்வப்போது கேட்கிறது. மூன்று துளி இரசத்தைக் கொண்டு உள்ளங்கையில் திருப்பலி நிறைவேற்றிய ஆயர் என்றால் பலரும் தலையசைப்பர். ஆனால் அவருடைய நூல்கள் நூல்களாக வாசிக்கப்படுவது அரிது, கதையாகவே சொல்லப்படுகின்றன. கதையின் முடிவு நமக்கு முன்பே தெரிந்துவிடுவதால், அவற்றில் உள்ள கடினமான உண்மை நம் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. அந்நூல்களை எழுதப்பட்ட வரிசையில் மீண்டும் வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஆயரும் ஒரு சிறுவனும்

வான் துவான் 1928 ஏப்ரல் 17 அன்று ஹுவே நகரில் பிறந்தார். வேதகலாபனைகளில் துன்புற்ற முன்னோரின் குடும்பம் அது. அவருடைய கொள்ளுத்தாத்தா பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, விசுவாசத்துக்காகச் சிறையிலிருந்த தம் தந்தைக்குச் சிறிது சோறும் உப்பும் கொண்டுசெல்ல நாள்தோறும் முப்பது கிலோமீட்டர் நடந்தவர் என்பதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். தென்வியட்நாமின் குடியரசுத் தலைவராயிருந்து 1963-இல் கொல்லப்பட்ட ஙோ தின் தியெம் அவருடைய தாய்மாமன். 1967-இல் நியா திராங் மறைமாவட்டத்தின் ஆயரானபோது அவர் தேர்ந்துகொண்ட விருதுவாக்கு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் புகழ்பெற்ற ஏடு ஒன்றின் தொடக்கச் சொற்கள்: மகிழ்ச்சியும் எதிர்நோக்கும்.

1975 ஏப்ரல் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைச் சைகோன் உயர் மறைமாவட்டத்தின் வாரிசுரிமைப் பேராயராக நியமித்தார். ஆறே நாள்களில் சைகோன் வீழ்ந்தது. புதிய ஆட்சியாளர் அந்நியமனத்தைச் சதியாகவே பார்த்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 15, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று அவர் கைது செய்யப்பட்டார். அணிந்திருந்த அங்கியும் பையிலிருந்த செபமாலையுமே அவரிடம் இருந்தவை. இரு காவலர்களுக்கு நடுவே அமர்த்தப்பட்டு, 450 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நியா திராங் பகுதிக்கு இரவோடு இரவாகக் கொண்டுசெல்லப்பட்டார். அன்று தொடங்கிய சிறைவாழ்வு 13 ஆண்டுகள் நீண்டது. அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. விசாரணை இல்லை, தண்டனைத் தீர்ப்பும் இல்லை. ஆகவே விடுதலை எந்நாள் என்று எண்ணிக் காத்திருக்கவும் வழியில்லை.

அந்த இரவுப் பயணத்தில் அவர் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தைப் பின்னாளில் 'ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும்' என்னும் நூலில் பதிவுசெய்கிறார். சீனாவில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்த அமெரிக்க ஆயர் வால்ஷ், விடுதலையான பின்பு, தம் வாழ்நாளில் பாதியைக் காத்திருப்பதிலேயே கழித்துவிட்டதாகச் சொன்னது அவருக்கு நினைவுக்கு வருகிறது. சிறைப்பட்டவர் அனைவரும் ஒவ்வொரு நிமிடமும் விடுதலைக்காகக் காத்திருக்கிறார்கள். தாம் அவ்வாறு காத்திருக்கப் போவதில்லை என்று அவர் முடிவெடுக்கிறார். கையிலிருக்கும் இந்தக் கணத்தை அன்பால் நிரப்பி வாழ்வதே தம் வழி என்கிறார்.

இதை நாம் உடனே பாராட்டிவிட்டுக் கடந்துவிடக் கூடாது. காத்திருக்க மறுப்பவரை எதிர்நோக்கின் ஆசிரியர் என்று எப்படிச் சொல்வது? இக்கேள்விக்கு அவருடைய முதல் நூலே விடை.

கைதான பிறகு அவர் காய் வோங் என்னும் சிற்றூரில் காவலில் வைக்கப்பட்டார். தம் மக்களுக்கு ஒரு சொல்லும் அனுப்ப முடியவில்லை. அக்டோபர் மாதத்து இரவொன்றில் பவுலடியார் அவர் நினைவுக்கு வந்தார். பவுல் சிறையிலிருந்து திருமுகங்கள் எழுதினாரே! மறுநாள் விடியுமுன் காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பிய ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, பழைய நாள்காட்டிகளை வாங்கித் தருமாறு அம்மாவிடம் சொல் என்றார். அன்று மாலையே நாள்காட்டிகள் வந்தன. அக்டோபர், நவம்பர் இரவுகளில் அத்தாள்களின் பின்புறத்தில் அவர் எழுதினார். காலைதோறும் சிறுவன் வந்து அவற்றை எடுத்துச் சென்றான். அவனுடைய உடன்பிறந்தோர் படியெடுத்தனர். அப்படிப் பிறந்த 1001 சிந்தனைகளே 'எதிர்நோக்கின் பாதை'. படகுகளில் நாட்டைவிட்டுத் தப்பியோடிய அகதிகளோடு அந்நூலும் கடல் கடந்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

தாள் வகுத்த வடிவம்

நூலைத் திறந்து, சிறைக்கதையை எதிர்பார்க்கும் வாசகர் ஏமாற்றமடைவார். சுவர்கள், காவலர், பசி ஆகியவற்றின் விவரிப்பு அங்கில்லை. 'புறப்பாடு' பற்றிய சிந்தனைகளோடு நூல் தொடங்குகிறது. கடமை, விடாமுயற்சி, செபம், நற்கருணை, குடும்பம் எனத் தொடர்கிறது. ஒவ்வொரு சிந்தனையும் சில வரிகளே. எண்ணிட்ட சிந்தனைகளாக ஆன்மிக நூல் எழுதுவது புதிதன்று. புனித ஹோசே மரிய எஸ்கிரிவா 1939-இல் வெளியிட்ட 'பாதை' 999 சிந்தனைகளைக் கொண்டது. ஆனால் வான் துவானிடம் இவ்வடிவம் வெறும் மரபன்று, தேவையும்கூட. அருகில் நூலகம் இல்லை. எழுதியதைத் திரும்பப் பார்த்துச் செப்பனிடவும் இயலாது, ஏனெனில் விடிந்தால் தாள் போய்விடும். நாளை இரவு எழுத வாய்க்குமா என்பதும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சிந்தனையும் அதுவே கடைசி என்பதுபோல் முழுமை பெற்றாக வேண்டும்.

காத்திருக்க மறுத்தவர் எப்படி எதிர்நோக்கின் ஆசிரியர் ஆனார் என்பது இங்கே விளங்குகிறது. முடிவுக்காக அவர் காத்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் இரவும், இத்தாள் யாரோ ஒருவரின் கையைச் சேரும் என்று எழுதினார். நூலின் ஓர் உவமை இதற்கு ஒத்துப்போகிறது: புள்ளிகள் சேர்ந்து கோடாவது போல நிமிடங்கள் சேர்ந்து வாழ்வாகிறது, ஒவ்வொரு புள்ளியையும் செம்மையாக வைத்தால் கோடு தானே நேராகும் என்பது அதன் கருத்து. வேறொருவர் சொல்லியிருந்தால் இது பள்ளிச்சுவரில் எழுதும் பொன்மொழியாகிவிடும். கோடு எங்கே போய் முடியும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை முழுவதும் பறிக்கப்பட்டவர், அடுத்த புள்ளியை மட்டும் வைக்கும் உரிமை எஞ்சியிருந்தபோது எழுதியது இது.

நாள்காட்டி நம் வீடுகளுக்கும் புதிதல்ல. நாள்தோறும் ஒரு தாளாகக் கிழித்து, அதன் பின்புறத்தில் பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் எழுதி வந்தவர்கள் நாம். கடந்துபோன தேதி முன்புறம். இனிச் செய்ய வேண்டியது பின்புறம். ஆயரின் நூல் தன்னையறியாமலே இந்த அமைப்பைக் கொண்டது. இழந்த நாள்களின் மறுபக்கத்தையே அவர் தம் மக்களுக்குக் கொடுத்தார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 'எதிர்நோக்கின் பாதை'யில் கட்டளை வாக்கியங்கள் மிகுதி. செய், விடு, அஞ்சாதே, நில் என்ற தொனி நூறு சிந்தனைகளுக்குள் சோர்வு தருகிறது. சில கருத்துகள் பலமுறை திரும்ப வருகின்றன. குருமடத்தில் உருவான ஆன்மிகத்தின் கண்டிப்பு, இல்லறத்தாரின் அன்றாடச் சிக்கல்களைப் போதிய அளவு உணராததுபோலச் சில இடங்களில் தோன்றுகிறது. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வியட்நாமிய மூலத்தில் அவர் வாசகரை விளிப்பது, பெற்றோர் பிள்ளையை விளிக்கும் சொல்லால். விடைபெற நேரமில்லாமல் பிரிக்கப்பட்ட தகப்பன், வண்டி நகர்வதற்குள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் சன்னல் வழியே அவசரமாகச் சொல்வதுபோல் இருக்கிறது நூல். அந்த அவசரத்தில் அழகியல் நேர்த்தியை நாம் தேட முடியாது. அன்றியும், 1001 சிந்தனைகளை ஒரே மூச்சில் வாசிப்பது நூலுக்கு நாம் செய்யும் அநீதி. ஓரிரவுக்கு எழுதப்பட்டது ஓரிரவுக்கே வாசிக்கப்பட வேண்டும்.

கடவுளும் கடவுளின் பணிகளும்

1976 மார்ச் 19, புனித சூசையப்பர் திருவிழாவன்று அவர் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார். சன்னல் இல்லாத அறை. சில நாள்கள் இரவும் பகலும் விளக்கு எரிந்தது. சில நாள்கள் முழுக்க இருள். வெக்கையும் ஈரமும் சேர்ந்து, படுத்த பாயில் காளான் முளைத்தது. மூச்சுவிடுவதற்காகக் கதவின் கீழிருந்த துளைக்கருகே முகத்தை வைத்துத் தரையில் கிடந்தார். மழை பெய்தால் அத்துளை வழியே புழுபூச்சிகள் உள்ளே வந்தன.

அவரை வாட்டியது இந்த உடல்வேதனை மட்டுமன்று. அப்போது அவருக்கு வயது 48. எட்டாண்டு ஆயர் அனுபவம், உழைக்கும் வலிமை, செய்து முடிக்க வேண்டிய திட்டங்கள் எல்லாம் இருந்தும் கையும் காலும் கட்டப்பட்ட நிலை. கடவுளுக்காகத் தொடங்கியவை அனைத்தும் அழிந்துபோகின்றனவே என்ற எண்ணம் உறக்கத்தைப் பறித்தது. ஓர் இரவில் உள்ளத்தின் ஆழத்திலிருந்து ஒரு குரல் கேட்டதாக அவர் எழுதுகிறார். கடவுளையும் கடவுளின் பணிகளையும் வேறுபடுத்திப் பார் என்பதே அக்குரலின் சாரம். பங்குகளைச் சந்திப்பதும், குருமாணவரைப் பயிற்றுவிப்பதும், பள்ளிகள் கட்டுவதும், நற்செய்தி அறிவிப்பதும் உயர்ந்த பணிகளே. ஆயினும் அவை கடவுள் அல்ல. அவற்றை விட்டுவிடு என்று கடவுள் கேட்டால் விட்டுவிடலாம். அவர் தம் பணியை வேறொருவரிடம் ஒப்படைப்பார். நீ தேர்ந்துகொண்டது கடவுளையே அன்றி அவருடைய பணிகளை அல்ல.

அவருடைய எல்லா எழுத்துகளுக்கும் இதுவே மையம் என்று கருதுகிறோம். பொதுநிலையினராகிய நமக்கு இது ஆயர்களுக்கு மட்டும் உரிய பாடம்போலத் தோன்றலாம். அப்படியன்று. பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்த்த பெற்றோர், அப்பிள்ளைகள் வேறு வழி போகும்போது உடைந்துபோகிறார்கள். ஆண்டுக்கணக்கில் பங்கிற்கு உழைத்தவர், ஒருநாள் படுக்கையில் விழுந்ததும் தாம் கடவுளுக்கே பயனற்றுப் போனதாக எண்ணுகிறார். குடும்பத்தைத் தாங்குவதைக் கடவுள் தந்த கடமையாக ஏற்றவர், வேலை பறிபோனபின் கடவுளும் கைவிட்டதாகக் கலங்குகிறார். இங்கெல்லாம் நிகழ்வது ஒன்றே: கடவுள் தந்த பணியைக் கடவுளின் இடத்தில் வைத்துவிட்டோம், பணி போனதும் கடவுளும் போனதுபோல் இருக்கிறது. வான் துவான் நமக்குத் தரும் ஆறுதல், பணி திரும்பக் கிடைக்கும் என்பதன்று. பணி போனாலும் கடவுள் போகவில்லை என்பதே அது. முதல் ஆறுதலை விட இது கடினமானது. ஆனால் இதைப் பறிக்க யாராலும் இயலாது.

நற்கருணையைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பக்கங்களையும் இவ்வெளிச்சத்தில்தான் வாசிக்க வேண்டும். கைதான மறுநாள், தேவையான பொருள்களைக் கேட்டு எழுத அவருக்கு அனுமதி கிடைத்தது. வயிற்றுநோய்க்கு மருந்தாகச் சிறிது இரசம் வேண்டும் என்று எழுதினார். மக்கள் புரிந்துகொண்டனர். வயிற்றுமருந்து என்று ஒட்டிய சிறு குப்பியில் இரசம் வந்தது; ஈரம் படாதவாறு கைவிளக்குக்குள் அப்பங்கள் வந்தன. மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் உள்ளங்கையில். பின்னர் முகாமில் ஆளுக்கு அரை மீட்டர் இடமாகப் பொதுப்படுக்கையில் கிடந்தபோது, இரவு ஒன்பதரைக்கு விளக்கணைந்ததும் படுக்கைமேல் குனிந்து மனப்பாடமாகத் திருப்பலி நிறைவேற்றினார். சிகரெட்டுப் பெட்டித் தாளில் செய்த சிறு உறைகளில் நற்கருணை கைக்குக் கை மாறியது. பேராலயமும் பீடமும் பாடகர் குழுவும் ஆகிய பணிகள் அனைத்தும் போனபின்பு எஞ்சியிருந்தது இது. இந்தப் பக்கங்கள் நம்மை நெகிழ்விக்கின்றன. நெகிழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டால், ஞாயிறுதோறும் நமக்கு எளிதாகக் கிடைப்பது என்ன என்று கேட்கத் தவறியவர்களாவோம்.

செபிக்க இயலாத நாள்கள்

வடக்கே ஜியாங் சாவில் காவலில் இருந்த காலத்தில், 1980-ஐ ஒட்டி, அவர் இரவில் மறைவாக மேலும் இரு நூல்களை எழுதினார். அவற்றில் ஒன்றின் பெயர் 'எதிர்நோக்குப் பாதையின் திருப்பயணிகள்'. 2025 யூபிலி ஆண்டில் நம் ஆலய முகப்புகளில் தொங்கிய பதாகைகள் ஏறத்தாழ இச்சொற்களையே தாங்கியிருந்தன. 1988 நவம்பர் 21 அன்று விடுதலையானார். 1991-இல் நாட்டை விட்டு வெளியேறிய அவர், 2000-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலுக்கும் உரோமைத் தலைமைச் செயலகத்தாருக்கும் 22 தியான உரைகள் ஆற்றினார். அவை 'எதிர்நோக்கின் சாட்சியம்' என நூலாயின. 2001-இல் கர்தினாலான அவர், 2002 செப்டம்பர் 16 அன்று உரோமையில் புற்றுநோயால் இறந்தார். 2007-இல் எதிர்நோக்கைப் பற்றித் தாம் எழுதிய சுற்றுமடலில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். 2017-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

பிற்கால நூல்களின் தொனி வேறு. கட்டளைகள் குறைந்து சிரிப்பு வந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் உரைகளில் இயேசுவின் 'குறைபாடுகளை' அவர் பட்டியலிடும் பகுதி மிகச் சிறந்தது. இயேசுவுக்கு நினைவாற்றல் போதாது, ஏனெனில் நல்ல கள்வனின் பாவங்களை மறந்துவிட்டார். கணக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப் போவாரா? தர்க்கம் அறியார், துணிந்து இறங்கிவிடுபவர், பொருளாதாரமும் புரியாதவர். திருத்தந்தையின் முன்னிலையில் இப்படிப் பேசும் உரிமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எல்லாவற்றையும் இழந்து பார்த்தவரின் விளையாட்டு இது.

ஆனால் அந்நூலில் நமக்கு மிக வேண்டிய பகுதி வேறொன்று. சிறையில் செபிக்க நிறைய நேரம் கிடைத்திருக்குமே என்று பலர் அவரிடம் சொன்னார்களாம். அது நீங்கள் நினைப்பதுபோல் எளிதன்று என்கிறார். உடலும் மனமும் நலிந்து, சோர்வின் எல்லையில், ஒரு செபத்தைக்கூடச் சொல்லி முடிக்க இயலாத நாள்கள் இருந்தன என்று ஒப்புக்கொள்கிறார். 1001 சிந்தனைகளால் பிறரைத் தேற்றிய ஆயரால் ஓர் அருள்நிறை மந்திரத்தைச் சொல்ல முடியவில்லை. 1975-இன் நூலில் நாம் குறையாகக் கண்ட கண்டிப்புக்கு, தம் வாழ்விலிருந்தே அவர் எழுதிய திருத்தம் இது எனலாம். எதிர்நோக்கு என்பது மனத்தின் உறுதி என்று நாம் நினைத்திருந்தால், இப்பகுதி அதை உடைத்துவிடுகிறது. மனம் உறுதி இழந்த நாளிலும் அவர் தாங்கப்பட்டார் என்பதே சாட்சியம்.

வெளியே வராதவர்கள்

இந்நூல்களைப் பற்றிக் கடற்கரைப் பங்கு ஒன்றில் ஒரு மாலைநேரக் கூட்டத்தில் பேச வாய்த்தது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் குமரிக் கடலோர மக்களிடமிருந்து பறித்தவற்றை நாடறியும். கூட்டம் முடிந்தபின் ஒரு தாய் வந்து நின்றார். கடலுக்குப் போன அவர் மகன் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "அவரு வெளியே வந்துட்டாரு ஐயா. வராதவங்களுக்கு இந்தப் புத்தகத்துல என்ன இருக்கு?"

நம்மிடம் அப்போது விடை இல்லை. எந்தத் திறனாய்வாளரும் இந்நூலைக் குறித்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவே. சாட்சியங்களைச் சொல்லும் நம் வழக்கத்தில் ஒரு பழுது இருக்கிறது. சோதனை வந்தது, செபித்தேன், நீங்கிற்று என்பதே நாம் கேட்டுப் பழகிய அமைப்பு. நீங்காதவர்களுக்கு மேடையில் இடமில்லை. வான் துவானின் வரலாற்றையும் நாம் அவ்வமைப்புக்குள் திணித்துவிடுகிறோம்: பதின்மூன்று ஆண்டுச் சிறை, பின்பு விடுதலை, கர்தினால் பட்டம். அப்படிச் சொன்னால், கடவுள்மீது வைத்த நம்பிக்கைக்குச் சான்று விடுதலையே என்றாகிவிடும். அந்தத் தாய் அதைத்தான் மறுத்தார். அவர் மறுத்தது சரியே.

விடையைத் தேடியபோது மற்றொரு சிறை எழுத்து நம் நினைவுக்கு வந்தது. ஜெர்மானிய இயேசு சபைக் குரு ஆல்பிரட் டெல்ப், நாசி ஆட்சியை எதிர்த்துப் புதிய சமுதாயத்துக்குத் திட்டமிட்ட குழுவோடு தொடர்புடையவர் என்பதற்காக 1944 ஜூலை 28 அன்று மியூனிக் நகரில் கைதானார். அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தில் பெர்லின் தேகல் சிறையில், விலங்கிட்ட கைகளோடு அவர் சிந்தனைகள் எழுதினார். சலவைக்குச் செல்லும் துணிகளில் மறைத்து அத்தாள்கள் வெளியே அனுப்பப்பட்டன. அவரும் அறைக்குள் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். டிசம்பர் 8 அன்று சிறையிலேயே தம் இறுதி வார்த்தைப்பாட்டை அளித்தார். 1945 ஜனவரி 11 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவன்று தூக்கிலிடப்பட்டார். வயது 37.

டெல்ப் அடிகளின் தாள்களில் கட்டளைகள் இல்லை. ஒரு நாள் விடுதலையாவோம் என்று திடமாக எண்ணுகிறார்; மற்றொரு நாள் அச்சத்தை மறைக்காமல் எழுதுகிறார். புதுமை நிகழும் என்றும் எதிர்பார்த்தார். புதுமை நிகழவில்லை. ஆனால் திருவருகைக் காலத்தின் பொருளைப் பற்றி அவர் எழுதியவை, அவருடைய சாவால் பொய்யாகிவிடவில்லை. வருகிறவருக்காகத் திறந்திருப்பதே மனிதனின் உண்மை நிலை என்று அவர் கண்டார். அந்நிலையிலேயே அவர் இறந்தார்.

இரு தொகுதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1944-இன் திருவருகைக் காலத்தில் டெல்ப் தம் முடிவை அறியார். 1975-இன் அக்டோபர் இரவுகளில் வான் துவானும் அறியார். எழுதிய வேளையில் இருவரும் ஒரே இடத்தில் நின்றனர். ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்குத் திறக்கவில்லை என்பது பின்னால் நாம் சேர்த்துக்கொண்ட செய்தி. அத்தாள்களில் அது இல்லை. அவற்றின் உண்மை கதவைப் பொறுத்ததன்று. நம் மண்ணிலும், ஓரியூரில் தலைவெட்டுண்ட புனித அருளானந்தர், 1693 பிப்ரவரி 3 அன்று, மறுநாள் தம் இறப்பு என்பதை அறிந்தே சிறையிலிருந்து கடிதம் எழுதினார். கிறிஸ்தவச் சிறை எழுத்துகளில் பெரும்பாலானவை விடுதலையில் முடியவில்லை. பிலிப்பியர் திருமுகத்தில், வாழ்வா சாவா எது வரும் என்று அறியாத நிலையிலேயே பவுலடியார் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறார்.

ஆகவே நம் முடிவு இது. வான் துவானை வாசிக்க விரும்புவோர் 2000-ஆம் ஆண்டின் உரைகளிலிருந்து தொடங்க வேண்டாம். அவை கரை சேர்ந்தவரின் சொற்கள். உயர்ந்தவை, ஆனால் நடுக்கடலில் இருப்பவருக்குத் தொலைவாகத் தோன்றலாம். 1975-இன் தாள்களிலிருந்து தொடங்குங்கள். கண்டிப்பும் அவசரமும் உண்டு. இருந்தும் முடிவு தெரியாதவரின் கையெழுத்து அது. அருகில் டெல்ப் அடிகளின் தாள்களையும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னவரின் உறுதி நமக்குச் சுமையாகும் நாளில் பின்னவரின் நடுக்கம் துணைநிற்கும்.

சில மாதங்களுக்குப் பின் அதே பங்குக்கு மீண்டும் சென்றோம். அந்தத் தாயைத் தேடிப்போய், டெல்ப் அடிகள் சாவுக்குமுன் எழுதியவற்றின் கருத்தை நமக்குத் தெரிந்த எளிய தமிழில் சொன்னோம். அவர் தூக்கிலிடப்பட்டதையும் மறைக்கவில்லை. நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்பு கேட்டார்: "இந்தச் சாமியும் பயந்திருக்காரு, இல்லையா?" ஆம் என்றோம். "அப்படின்னா இவருகூட நான் செபம் சொல்லலாம்."

அவருடைய வீட்டுச் சுவரில் அவ்வாண்டு நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைய தாள் காலையிலேயே கிழிக்கப்பட்டிருந்தது.